மாசானத்தைத் தேடிய பெட்டி

அந்தக் கணினியின் விசிறிச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு செருமல். பிறகு நெஞ்சில் சளி கட்டியவர் மூச்சு வாங்குவதுபோல நீளமாக ஓர் இரைச்சல். அது மெல்ல ஏறி, ஓர் உயரத்தில் நின்று, அங்கேயே நடுங்கிக்கொண்டிருக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறை. சனிக்கிழமைகளில் அங்கே வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான். அடுத்துக் கேட்பது மாசானம் அண்ணாச்சியின் குரலை.

“டீச்சர், ஒருத்தரும் தங்க மாட்டேங்காங்க.”

டீச்சர் என்று அவர் கூப்பிட்டது எப்சிபாவை. அவரைவிட இருபது வயது இளையவள். பள்ளிக்கூடம் எதிலும் அவள் வேலை பார்த்ததில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றை முதன்முதலாக அவள்தான் சொல்லிக் கொடுத்தாள், அதனால் அவர் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, பிறகு எல்லாருமே கூப்பிட்டோம்.

“யாரு தங்கல?” என்றாள் எப்சிபா.

“வர்றவங்கதான். ஆசையா வாராங்க. முதல் வாரம் வாசகியை அவங்க லேப்டாப்புல ஏத்துறதுலயே பொழுது போயிருது. அடுத்த வாரமும் அதே. மூணாவது வாரம் ஆளைக் காணும்.”

வாசகி என்பது தமிழ்ப் பக்கங்களை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள். பார்வை இல்லாதவர்களுக்காக எப்சிபா கல்லூரி நாளில் எழுதத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். காசு கிடையாது. திருத்த வருகிறவர்களை நம்பித்தான் அது உயிரோடு இருந்தது. வாசகி தப்பாக உச்சரிக்கும் சொற்களைக் கேட்டுச் சொல்வது என் வேலை. அதனால் நானும் ஒரு மூலையில் இருந்தேன்.

“ஏன் போயிருதாங்க?” என்றாள் எப்சிபா.

“பொறுமை இல்ல டீச்சர்.”

“ரஹ்மத்துக்குமா பொறுமை இல்ல?”

மாசானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

*

ரஹ்மத் கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். பிறவியிலேயே பார்வை இல்லை. அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுவது வாசகிதான்.

வாசகி அவளிடம் மட்டும் ஒரு தப்பு செய்தது. ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் கடைசி வரியை விழுங்கிவிடும்.

“ஒரு பக்கத்துக்கு ஒரு வரி சார்,” என்று அவள் முதல் நாள் சொன்னாள். “பரீட்சையில சரியா அந்த வரியிலருந்துதான் கேக்கான்.”

மாசானம் தன் கணினியில் வாசகியை ஓடவிட்டுப் பார்த்தார். எல்லா வரியும் வந்தது.

“இங்க நல்லாத்தாம்மா வாசிக்கி.”

“என்கிட்ட வாசிக்கலியே சார்.”

திரையில் இருப்பதைச் சொல்வதற்கென்று அவள் கணினியில் இன்னொரு குரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் வாசகியும் சேர்ந்து ஓடும்போதுதான் அந்த வரி தொலைந்தது. தொலைகிற இடத்தில் உட்கார்ந்துதான் அதைத் தேட முடியும். அவளுக்கு நிரல் எழுதத் தெரியும். எந்த இடத்தில் கோளாறு என்று அவளுக்கு ஓர் ஊகமும் இருந்தது.

வாசகியை வெறுமனே பயன்படுத்துவது சுலபம். திறந்து, திருத்தி, திரும்ப ஓட்டிப் பார்ப்பதற்கு அவள் கணினியில் அதற்கான கருவிகள் அடங்கிய முழுப் பட்டறையையும் ஏற்ற வேண்டும். மூன்று சனிக்கிழமைகள் ஏற்றிப் பார்த்தார்கள். ஏறவில்லை.

பரீட்சை தை மாதத்தில்.

*

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது.

யாருடைய கணினியில் வாசகி பட்டறையோடு ஏறி முதன்முதலாகப் பேசுகிறதோ, அவர் தன் பெயரைத் தட்டச்ச வேண்டும். வாசகி அந்தப் பெயரைச் சொல்லும். எல்லாரும் கை தட்டுவோம். பிறகு அவர் செலவில் கீழே டீ.

பல மாதங்களாக அங்கே யாரும் கை தட்டவில்லை.

“அண்ணாச்சி, செவப்பா என்னமோ எழுத்து வருது” என்று யாராவது கூப்பிடுவார்கள். மாசானம் எழுந்து போவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவர்களை நகரச் சொல்லி, பார்க்காமலே நாலு வரி அடிப்பார். சிவப்பு போய்விடும். கொஞ்ச நேரத்தில் வேறோர் இடத்தில் வரும். மறுபடி கூப்பிடுவார்கள்.

அவர் எழுந்து போகும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்.

சென்னையில் ஒரு கம்பெனியில் இருபது வருடம் இருந்துவிட்டு, ஒரு காலையில் இனி வர வேண்டாம் என்று சொல்லப்பட்டு ஊர் திரும்பியவர். அந்த வெளிச்சம் அவருக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

எப்சிபாவுக்கும் தெரியும்.

“அண்ணாச்சி,” என்றாள் அவள். “நீங்க வாசகியைப் புதுசா ஒரு மிஷின்ல ஏத்தி எவ்வளவு நாளாச்சு?”

“நம்ம மிஷின்லதான் ஓடிக்கிட்டே இருக்கே.”

“புதுசா.”

அவர் இரைந்துகொண்டிருந்த கணினியைப் பார்த்தார். “ஆச்சு. ஆறு வருஷம் இருக்கும்.”

எப்சிபா அலமாரியைத் திறந்து ஒரு தோள்பையை எடுத்தாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் அதில் இருந்தது.

“உள்ள ஒண்ணும் கிடையாது. காலி. வீட்டுக்குக் கொண்டு போங்க. புதுசா வர்றவங்களுக்கு நாம எழுதி வச்சிருக்கிற குறிப்பைப் பாத்து ஏத்துங்க. என்கிட்ட கேக்கக் கூடாது. உங்ககிட்டயும் கேக்கக் கூடாது.”

“என்கிட்டயே நான் எப்படி டீச்சர் கேப்பேன்?”

“கேப்பீங்க,” என்றாள்.

*

அடுத்த சனிக்கிழமை அவர் பையோடு வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

“ஏறிச்சா?”

“ஏறிட்டு.”

“குறிப்பைப் பாத்தா?”

அவர் உட்கார்ந்தார். எப்சிபா பிளாஸ்கிலிருந்து கடுங்காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டுச் சொன்னார்.

“மொதல்ல நல்லாத்தான் போச்சு. பொறவு ஒரு பாகத்தை இறக்கச் சொல்லுது. போய்ப் பாத்தா அந்த இடத்துல அப்படி ஒண்ணே இல்ல. எப்பவோ எடுத்துட்டாங்க. புதுசா ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா வாசகி வாயைத் திறக்க மாட்டேங்கா.”

“சரி.”

“ரெண்டு நாள் முட்டிப் பாத்தேன். என் வீட்டுக்காரி வந்து, யாரைத் திட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு கேக்கா.”

“யாரைத் திட்டுனீங்க?”

“குறிப்பு எழுதுனவனை.”

குறிப்பு எழுதியது அவர்தான். எப்சிபா சிரிக்கவில்லை. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“பொறவு எப்படி ஏறிச்சு?”

“நம்ம பழைய மிஷின்ல அந்தப் பாகம் இருக்கும்லா. அதுலருந்து எடுத்துப் போட்டேன்.”

எப்சிபா தலையாட்டினாள். காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“ரஹ்மத் எதுலருந்து எடுப்பா?” என்றாள்.

*

மாசானம் இரண்டு வாரம் வேறு யார் வேலையையும் பார்க்கவில்லை. அவர் கன்டெய்னர் கட்டிக்கொண்டிருந்தார்.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகளில் ஏற்றும் இரும்புப் பெட்டியின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு மென்பொருளையும், அதற்கு வேண்டியவை எல்லாவற்றையும், அது பழகிப்போன பழைய பாகங்களோடு ஒரே பெட்டியில் அடைத்துவிடுவது. பெட்டியை எந்தக் கணினியில் இறக்கினாலும், உள்ளே இருப்பது தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும். வெளியே என்ன ஊர், என்ன வெயில் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

எப்சிபாவிடம் அவர் இதைச் சொன்னபோது அவள், “செய்ங்க” என்றாள்.

முடித்த அன்று அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

“ஒரே வரி டீச்சர். ஒரே ஒரு வரி அடிச்சா போதும்.”

இரைந்துகொண்டிருந்த கணினியில் அந்த ஒரு வரியை அடித்தார். கொஞ்ச நேரம் எழுத்துகள் மேலே ஓடின. பிறகு வாசகி பேசியது. தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல்.

“காலி லேப்டாப்புல பாத்தீங்களா?” என்றாள் எப்சிபா.

“பெட்டிக்குள்ள எல்லாம் இருக்கே டீச்சர். இங்க ஓடுனா எங்கயும் ஓடும்.”

எப்சிபா மறுபடி கேட்கவில்லை.

அன்று ரஹ்மத் வந்திருந்தாள். கைத்தடியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்தாள். பெட்டியைப் பென்டிரைவில் கொண்டுவந்து மாசானமே அவள் கணினியில் ஏற்றினார்.

“அந்த ஒரு வரியை நீதாம்மா அடிக்கணும்.”

அவள் அடித்தாள். அறையில் ஆறேழு பேர் இருந்தோம். எல்லாரும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டோம். கை தட்டத் தயாராக ஒருவர் கையைத் தூக்கி வைத்திருந்தார்.

வாசகி பேசவில்லை.

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ரஹ்மத்தின் கணினியில் எப்போதும் ஓடும் அந்த மற்றக் குரல் அதை வாசித்தது. உணர்ச்சியே இல்லாத, வேகமான இயந்திரக் குரல்.

“ஹோம். மாசானம். அகராதி. காணவில்லை.”

ரஹ்மத் மறுபடி அந்த வரியை அடித்தாள்.

“ஹோம். மாசானம். அகராதி. காணவில்லை.”

கையைத் தூக்கி வைத்திருந்தவர் மெதுவாக இறக்கிக்கொண்டார்.

“சார்,” என்றாள் ரஹ்மத். அவள் குரலில் கேலி இல்லை. “இது என் மிஷின்ல உங்க வீட்டைத் தேடுது சார்.”

உச்சரிப்பு அகராதியை மாசானம் தினமும் திருத்துவார். நான் சொல்லும் சொற்களை எல்லாம் அதில்தான் சேர்ப்பார். தினமும் தொடுகிற பொருள் என்பதால் அதைப் பெட்டிக்குள் வைக்காமல், கணினியில் தன் பெயரில் இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து அங்கே போக ஒரு வழி மட்டும் திறந்துவிட்டிருந்தார். அவருடைய கணினியில் அந்த வழி திறந்தே இருந்தது. கடையநல்லூர்க் கணினியில் மாசானம் என்று ஒருவர் இல்லை.

பழைய கணினி இரைந்தது.

ரஹ்மத் எதற்கோ இன்னொரு முறை பொத்தானைத் தட்டினாள்.

“ஹோம். மாசானம்.”

“பதில் சொல்லுங்க அண்ணாச்சி,” என்றாள் எப்சிபா. “கூப்பிடுதுல்லா.”

*

அன்று மாலை எல்லாரும் போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், நான் வேணும்னு செய்யல.”

“தெரியும்.”

“அகராதி என் கைக்குப் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்.”

“நல்லதுதான்.”

“யாருக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

எப்சிபா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அதான் நீங்களே கேட்டுட்டீங்களே,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

*

அடுத்த முறை அவர் ஒன்றையும் வெளியே விடவில்லை.

அகராதி உள்ளே போனது. பழைய பாகங்கள் உள்ளே போயின. தன் பெயரில் இருந்த இடம் முழுவதையுமே பெட்டிக்குள் வைத்துவிட்டார். இந்த முறை காலி லேப்டாப்பிலும் ஓட்டிப் பார்த்தார். பேசியது. பெட்டியை இணையத்தில் ஏற்றிவிட்டு ரஹ்மத்துக்குப் போன் செய்தார்.

“இனி நீ இவ்வளவு தூரம் வர வேண்டாம்மா. வீட்டுலருந்தே இறக்கிக்கோ. பஸ்ஸுக்குக் காசு மிச்சம்.”

மூன்று நாள் கழித்து ரஹ்மத் போன் செய்தாள். அவர் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“சார், இறங்கிக்கிட்டே இருக்கு சார்.”

“இன்னுமா?”

“தினமும் பாதி வருது. அதுக்குள்ள போன்ல அன்னைக்குள்ள நெட்டு தீந்துருது. காலையில மறுபடி முதல்லருந்து இறக்குது.”

“ஒரு வைஃபை போட்டுக்கோயேம்மா.”



“வாப்பாகிட்ட கேக்கேன் சார்,” என்றாள் அவள். அந்தக் குரலிலிருந்தே அவள் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது.

“பரீட்சைக்கு எவ்வளவு படிச்சிருக்கே?” என்று எப்சிபா கேட்டாள்.

“எல்லாப் பக்கமும் படிச்சிட்டேன் டீச்சர். கடைசி வரியைத் தவிர.”

போனை வைத்த பிறகு எப்சிபா எழுந்தாள். சுவரில் மினுங்கிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியை அணைத்தாள். தன் போனை எடுத்து மாசானத்தின் முன்னால் வைத்தாள்.

“காலி லேப்டாப்புல பெட்டியை அழிச்சிட்டு, இந்தப் போன் வழியா இறக்குங்க.”

அவர் அழித்தார். இறக்கத் தொடங்கினார்.

நான் என் சொற்களைக் கேட்டு முடித்தேன். டீ குடித்துவிட்டு வந்தோம். வெயில் இறங்கி ஜெராக்ஸ் கடையின் தகரத்தில் விழுந்தது. திரையில் அந்தக் கோடு கால்வாசிகூட நகரவில்லை. பிறகு நின்றுவிட்டது. எப்சிபா போனின் அன்றைய நெட் கணக்கும் தீர்ந்திருந்தது.

“பெட்டிக்குள்ள அப்படி என்ன அண்ணாச்சி இருக்கு?”

“எல்லாம் இருக்கு. எதையாவது விட்டுட்டா பொறவு அவ மறுபடி நிப்பாளேன்னு...”

“எல்லாம்னா?”

அவர் திறந்து காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். வாசகி இருந்தது. அகராதி இருந்தது. அதற்கு அப்பால், வாசகிக்காகச் செய்து தோற்றுப்போன பழைய குரல்கள் ஒவ்வொன்றும் இருந்தன. என்றோ செய்து கைவிட்ட சோதனைகள், அவற்றின் மிச்சங்கள். சென்னைக் கம்பெனியில் இருந்தபோது அவர் தனக்கென்று எழுதி வைத்திருந்த சின்னச் சின்னக் கருவிகள். பிரிவு உபசாரத்தில் எடுத்த புகைப்படங்கள்கூட இருந்தன. கையில் ஒரு பூங்கொத்தோடு, யாரையும் பார்க்காமல் நிற்கிறார்.

எப்சிபா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு, மிக மெதுவாக, “ரஹ்மத்துக்கு வாசகி போதும் அண்ணாச்சி,” என்றாள்.

*

அவர் எடுக்கத் தொடங்கினார்.

அந்த வாரம் தினமும் அறைக்கு வந்தார். சாவி என்னிடமும் ஒன்று இருந்ததால் நானும் போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றை எடுப்பார், பெட்டியை மூடுவார், ஓட்டிப் பார்ப்பார். வாசகி பேசும். அடுத்ததை எடுப்பார். வாசகி பேசும்.

“பாத்தீங்களாம்மா,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “எதை எடுத்தாலும் பேசுதா.”

அவர் குரலில் இருந்தது சந்தோஷமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழைய குரல்களை எடுத்தார். பேசியது. கருவிகளை எடுத்தார். பேசியது. படங்களை எடுத்தார். பேசியது. கடைசியில் மாசானம் என்ற பெயரில் இருந்த இடத்தையே எடுத்துவிட்டு, அகராதியை வாசகிக்குப் பக்கத்தில் ஒரு பொது இடத்தில் வைத்தார்.

பெட்டி இப்போது சின்னதாக இருந்தது. ஒரு சினிமாப் பாட்டை இறக்குகிற அளவு என்று சொல்ல முடியாது. ஒரு நாள் நெட்டுக்குள் அடங்குகிற அளவு.

சனிக்கிழமை அவர் எப்சிபாவின் போன் வழியாக அதை இறக்கிக் காட்டினார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறங்கியிருந்தது.

எப்சிபா பழைய கணினியை மட்டும் பார்த்தாள்.

அவருக்குப் புரிந்தது. “அதை நிறுத்தணுமா?”

“நிறுத்துனா என்ன ஆகும்?”

அவர் யோசித்தார். நிறைய நேரம் யோசித்தார்.

“ஒண்ணும் ஆகாது,” என்றார்.

எழுந்து போய், தானே சுவிட்சை அணைத்தார். இரைச்சல் இறங்கியது. இறங்கி, ஒரு செருமலோடு நின்றது. கீழே ஜெராக்ஸ் மிஷின் தாளை இழுக்கும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் அந்தச் சத்தம் அங்கே இருந்தது எங்களுக்குத் தெரியாது.

*

ரஹ்மத் செவ்வாய்க்கிழமை போன் செய்தாள். மாசானமும் நானும் அறையில்தான் இருந்தோம்.

“சார், இறங்கிட்டு சார். அந்த ஒரு வரி அடிச்சிட்டேன். இருங்க, போனைக் கிட்ட வைக்கேன்.”

ஏதோ உரசியது. பிறகு அவள் வீட்டிலிருந்து, பாத்திரம் கழுவும் ஓசைக்கும் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் ஓசைக்கும் நடுவில், வாசகி சொன்னது.

“ரஹ்மத்.”

மாசானம் போனைப் பிடித்துக்கொண்டே நின்றார். கை தட்ட அவருக்கு ஒரு கைதான் இருந்தது. தொடையில் தட்டினார்.

“டீ கடன் சார்,” என்றாள் ரஹ்மத்.

அடுத்த வாரமே அவள் அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தாள். பக்கம் திரும்பும்போது இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. வாசகி மரியாதைக்கு நிறுத்திக்கொண்டது. மறுபடி தொடங்கும்போது விட்ட இடத்துக்கு வராமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ரஹ்மத் அனுப்பிய திருத்தம் நாலே வரிதான்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கரூரிலிருந்து திருத்தம் அனுப்பினார். ஒருவர் மலேசியாவிலிருந்து அனுப்பினார். அவர்களில் யாரும் மாடி ஏறி வரவில்லை. யாரும் “அண்ணாச்சி, செவப்பா வருது” என்று கூப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை மாசானம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

“போன் போட்டுப் பாரேன்,” என்றேன் எப்சிபாவிடம்.

“போட்டு என்ன சொல்ல?”

“வேலை இருக்கு, வாங்கன்னு சொல்லு.”

“வேலை இல்லையேம்மா,” என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. “பொய் சொல்லிக் கூப்பிட்டா அவருக்குத் தெரிஞ்சிரும்.”

*

தை மாதம் பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். தோளில் அந்தக் காலி லேப்டாப்பின் பை. எப்சிபா பேசிக்கொண்டிருந்தாள். கதவை ஒட்டிக் கிடந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

அவருக்குப் பக்கத்தில் விருதுநகரிலிருந்து வந்த பொன்னுத்தாய் என்ற அம்மாள். பாங்கில் வேலை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாசகியை வீட்டிலேயே இறக்கி, இரண்டு திருத்தமும் அனுப்பிவிட்டு, எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்திருந்தாள்.

அவள் அவரையும் பையையும் பார்த்தாள்.

“புதுசா சார்?”

எப்சிபா பேச்சை நிறுத்திவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். எப்சிபா என் கையைத் தொட்டாள்.

மாசானம் பொன்னுத்தாயைப் பார்த்தார். அணைத்து வைத்திருந்த பழைய கணினியைப் பார்த்தார். யாரோ அதன்மேல் டீ டம்ளர்களை வைத்திருந்தார்கள்.

“ஆமாம்மா,” என்றார்.

“பயப்படாதீங்க. ரொம்பச் சுலபம். ஒரே வரிதான்.”

“அப்படியா?”

“லேப்டாப்பை எடுங்க, நான் சொல்லுதேன்.”

அவர் எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல அந்த ஒரு வரியை, எழுத்து எழுத்தாக, அடித்தார். எழுத்துகள் மேலே ஓடின. நின்றன.

“இப்போ உங்க பேரை அடிங்க சார். அது சொல்லும்.”

அவர் அடித்தார்.

“மாசானம்,” என்றது வாசகி.

முதலில் கை தட்டியது பொன்னுத்தாய்தான்.

*

ரஹ்மத் அந்த வருடப் பரீட்சையில் தேறவில்லை. அதற்கு அடுத்த வருடம் தேறினாள். இப்போது தென்காசியில் வேலை பார்க்கிறாள். எப்சிபாவிடமிருந்து வாசகியின் பொறுப்பு அவளிடம் வந்தது. மாசானம் அனுப்பும் திருத்தங்களை அவள்தான் பார்க்கிறாள். சிலவற்றைத் திருப்பி அனுப்புகிறாள்.